டின் ரயில் பவர் சப்ளை: டெர்மினலில் 5 வோல்ட் சரியாக இருக்கிறது, பை போர்டு மட்டும் வோல்டேஜ் குறைவு என்கிறது

செடிப்பெட்டி:

வணக்கம் நண்பர்களே. செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் விடும் அமைப்பு ஒன்றைச் சில மாதங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு ஈ.எஸ்.பி32 (எல்லாவற்றையும் இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டு போர்டு), எட்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள ஒரு போர்டு, 24 வோல்ட் டிசி சோலினாய்டு வால்வு (காயிலில் கரண்ட் ஓடினால் திறக்கும் தண்ணீர் வால்வு) நான்கு, மண் ஈரம் பார்க்கும் சென்சார்கள், எல்லாவற்றையும் காட்டுவதற்குத் தொடுதிரையோடு ஒரு ராஸ்பெர்ரி பை 4 (சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, சுருக்கமாகப் பை). முதலில் எல்லாமே தனித்தனி அடாப்டரில்தான் ஓடியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் முழுக்க அடாப்டர், எது எதற்கு என்று எனக்கே தெரியாத நிலை வந்ததால் ஓர் இரும்புப் பெட்டியை எடுத்து, உள்ளே 35 மி.மீ. டின் ரயில் (மின் சாதனங்களைக் கிளிப் செய்து மாட்டும் உலோகப் பட்டை) அடித்து, 5 வோல்ட் 6.5 ஆம்பியர் தரும் ரயில் சப்ளை ஒன்றை மாட்டினேன். வால்வுகளுக்கு மட்டும் பழைய 24 வோல்ட் அடாப்டர்.

மாட்டிய பிறகு மூன்று தொல்லைகள். ஒன்று, பை திரையில் அடிக்கடி மின்னல் குறி வருகிறது, அதாவது வோல்டேஜ் போதவில்லை. ஆனால் சப்ளையின் டெர்மினலில் மீட்டர் வைத்தால் 5.05 வோல்ட் அசையாமல் நிற்கிறது. இரண்டு, ரிலே வேலை செய்யும்போது சில சமயம் ஈ.எஸ்.பி32 ரீசெட் ஆகிவிடுகிறது. மூன்றாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது: பை திரையின் உலோக விளிம்பைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது, வெறும் காலோடு நின்றால் இன்னும் தெரிகிறது.

சப்ளையில் வோல்டேஜ் கூட்டும் சிறிய திருகு இருக்கிறது, அதைத் திருகி 5.5 ஆக்கிவிடலாமா? இல்லை, இதைக் கழற்றிவிட்டு 24 வோல்ட் ரயில் சப்ளைக்கு மாறுவதுதான் சரியா?

பேனல்காரர்:

திருகைத் தொடாதீர்கள், அதைக் கடைசியில் பார்க்கலாம். சப்ளை முனையில் அளந்தது போதாது. பை இருக்கும் இடத்தில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பெட்டியிலிருந்து பைக்கு எத்தனை மீட்டர் வயர், என்ன தடிமன்?

ஏன் கேட்கிறேன் என்றால், 5 வோல்ட் வேலையில் வயர்தான் எதிரி. 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.035 ஓம். கேட்கும்போது ஒன்றுமில்லாத மாதிரிதான் தோன்றும். ஆனால் 3 மீட்டர் தள்ளி இருந்தால் போக 3, வர 3, ஆக 6 மீட்டர், 0.21 ஓம். திரையும் சேர்ந்து பை 2 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் வழியிலேயே 0.42 வோல்ட் போய்விடும். 5.05-இல் அது போனால் மிச்சம் 4.63. அந்த மின்னல் குறி வரும் எல்லையும் ஏறக்குறைய அதே 4.63 வோல்ட்தான். இதற்கு மேல் ஸ்க்ரூ டெர்மினல், பின் இணைப்பு என்று ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் போகும்.

திருகை 5.5-க்கு ஏற்றினால் பை முழு வேகத்தில் ஓடும்போது சரியாக இருக்கும். அதுவே சும்மா இருந்து 0.7 ஆம்பியர் மட்டும் இழுக்கும்போது வழியில் 0.15 வோல்ட்தான் குறையும், பைக்கு 5.35 போய்ச் சேரும். அது பொறுக்கும் எல்லை 5.25. பெட்டிக்குள்ளேயே பக்கத்தில் இருக்கும் ஈ.எஸ்.பி போர்டுக்கும் ரிலே போர்டுக்கும் முழு 5.5 போகும். தூரத்தில் இருப்பதைக் காப்பாற்றப் போய்ப் பக்கத்தில் இருப்பதைக் கெடுக்க வேண்டாம்.

அப்புறம் ரீசெட் விஷயம். அது ரிலே சேரும்போது வருகிறதா, விடும்போதா? வால்வு வயர்களைக் கழற்றிவிட்டு வெறும் ரிலேயை மட்டும் ஒரு ஐம்பது தடவை அடித்துப் பாருங்கள், அப்போதும் ரீசெட் ஆகிறதா என்று சொல்லுங்கள். பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

மின்மினி:

மூன்றாவது தொல்லையை முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து, அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் ரயில் சப்ளையில் ஃபேஸ், நியூட்ரல் மட்டும் இருந்து எர்த் டெர்மினல் இல்லையா? மெலிந்த பிளாஸ்டிக் உடம்புள்ள சின்ன சப்ளைகள் பலவும் அப்படித்தான், இரட்டைக் காப்பு வகை, அதாவது உள்ளே இரண்டு அடுக்குக் காப்பு இருப்பதால் எர்த் இல்லாமல் வருவது. அந்த வகையில் உள்ளே 230 வோல்ட் பக்கத்துக்கும் வெளியே வரும் டிசி பக்கத்துக்கும் நடுவில் ஒய் கெப்பாசிட்டர் என்று சின்னதாக ஒன்று இருக்கும், இரைச்சலை அடக்குவதற்காக வைப்பது. அதன் வழியாக மிகச் சின்ன ஏசி கரண்ட் டிசி பக்கத்துக்குக் கசியும். டிசியின் மைனஸ் எதோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தால், எர்த்திலிருந்து அளக்கும்போது மீட்டர் 80, 100 வோல்ட் ஏசி என்றுகூடக் காட்டும். வோல்டேஜ் பெரிதாகத் தெரிந்தாலும் அதற்குப் பின்னால் கரண்ட் கிடையாது, மில்லியாம்பியரில் ஒரு சிறு பங்குதான். பை திரையின் உலோகம் அந்த மைனஸோடு சேர்ந்தது, நீங்கள் வெறும் காலில் நிற்கிறீர்கள், சுருக்கென்கிறது.

ஆனால் இதுதான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள், சப்ளையின் உள்காப்பே பழுதாகி இருந்தாலும் இதே மாதிரிதான் தொடங்கும். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, டிசி மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதன் இரு முனையிலும் மீட்டர் கிளிப்பை மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகு மெயினைப் போடுங்கள். 100 வோல்ட் காட்டிய இடத்தில் சில வோல்ட், கூடிப்போனால் இருபது வோல்ட் என்று விழுந்துவிட்டால் அது கெப்பாசிட்டர் கசிவு. விழாமல் அப்படியே நின்றால் அந்தச் சப்ளையை அப்போதே கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள், திரும்ப மாட்டாதீர்கள். மெயின் பக்கம் கை வைத்துப் பழக்கம் இல்லை என்றால் எலக்ட்ரீசியன் ஒருவரை வைத்துச் செய்யுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கசிவுதான் என்றால் தீர்வு எளிது: டிசி மைனஸை எர்த்தோடு ஒரே ஓர் இடத்தில் சேர்த்துவிடுங்கள். பெட்டிக்குள், ரயிலில் மாட்டும் பச்சை மஞ்சள் எர்த் டெர்மினலில் சேர்ப்பது நல்லது. இன்னொரு கேள்வி, அந்த இரும்புப் பெட்டிக்கு எர்த் கொடுத்திருக்கிறீர்களா? உள்ளே சப்ளை இரட்டைக் காப்பாகவே இருக்கட்டும், உள்ளே வரும் 230 வோல்ட் வயர் ஒன்று கழன்று தகரத்தில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெட்டிக்கும் மூடிக்கும் எர்த் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, மைனஸ் தொங்கும் நிலையில், எர்த் உள்ள சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி கேபிளை ஈ.எஸ்.பி போர்டில் செருகும்போது, அந்தக் கசிவு சார்ஜ் சிக்னல் பின் வழியாகப் பாய்ந்து போர்ட்டை அடித்துவிட வாய்ப்பு உண்டு. எர்த் சேர்த்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

செடிப்பெட்டி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடி எல்லாம் அளந்தேன்.

பை முனையில், வீடியோ ஓடும்போது 4.55 வோல்ட். வயர் 0.5 சதுர மி.மீ., நீளம் 3 மீட்டர்தான், கணக்கு அப்படியே பொருந்துகிறது. நான் இத்தனை நாள் சப்ளை மட்டமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரீசெட், ரிலே விடும்போதுதான் வருகிறது. வால்வு வயர்களைக் கழற்றிவிட்டு அடித்துப் பார்த்ததில் நூறு தடவையில் ஒரு தடவைகூட ரீசெட் இல்லை.

பெட்டிக்கு எர்த் கொடுத்திருந்தேன், மூடிக்குக் கொடுக்கவில்லை, இப்போது கொடுத்துவிட்டேன். ரெசிஸ்டர் சோதனையை எலக்ட்ரீசியன் வந்து செய்தார்: திறந்த நிலையில் 92 வோல்ட், ரெசிஸ்டர் போட்டதும் 9 வோல்ட். மைனஸை எர்த்தில் சேர்த்தோம், சுருக்கென்பது போய்விட்டது.

இனி 24 வோல்ட்டுக்கு மாறுவதா, தடிமனான வயர் போடுவதா என்பதுதான் பாக்கி.

பேனல்காரர்:

நல்லது. ரிலே விடும்போது, அதுவும் வால்வு இருந்தால் மட்டும் ரீசெட் என்றால் அது வால்வுக் காயிலின் உதைதான். காயிலில் ஓடும் கரண்ட்டைத் திடீரென்று அறுத்தால் அது நூற்றுக்கணக்கான வோல்ட் எழுப்பி ரிலே காண்டாக்டில் பொறி பறக்கச் செய்யும், அந்த இரைச்சல் பக்கத்து வயர்களில் ஏறி ஈ.எஸ்.பி போர்டை விழச் செய்யும். ஒவ்வொரு வால்வுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு (கரண்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) போடுங்கள், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். அதை ரிலே போர்டில் போடாமல் வால்வின் காலிலேயே போடுங்கள், காயில் கரண்ட் அங்கேயே சுற்றி அடங்கிவிடும், நீள வயர் முழுவதும் ஓடாது. வால்வு மூடுவது கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகும், செடிக்குத் தண்ணீர் விடுவதில் அதனால் ஒன்றும் ஆகாது. டையோடைத் திருப்பிப் போட்டால் நேரடி ஷார்ட், அதனால் மாட்டும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

24 வோல்ட்டுக்கு மாறுங்கள் என்பதுதான் என் பதில். ரயில் சப்ளைகள் பேனல் (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி) வேலைக்காக வந்தவை, பேனலில் 24 வோல்ட் நிலைத்ததற்கு இந்த வயர் கணக்கும் ஒரு காரணம். பைக்கு 10 வாட் என்று வையுங்கள். அதை 24 வோல்ட்டில் அனுப்பி, பை பக்கத்தில் பக் கன்வெர்ட்டர் (டிசி வோல்டேஜை அதிகம் வீணாக்காமல் குறைக்கும் போர்டு) வைத்து 5 ஆக்கினால், வீணாவதையும் சேர்த்து வயரில் அரை ஆம்பியர்கூட ஓடாது. உங்கள் அதே 0.21 ஓம் வயரில் 0.1 வோல்ட் குறையும், 24-இல் 0.1 குறைந்தால் கன்வெர்ட்டர் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. வால்வுகள் ஏற்கெனவே 24 வோல்ட், அந்த அடாப்டரையும் தூக்கிவிடலாம். ஒரே சப்ளை, பெட்டியும் சுத்தமாக இருக்கும்.

எல்.எம்.7805 (மிச்ச வோல்டேஜைச் சூடாக்கியே 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர்) மட்டும் போட்டுவிடாதீர்கள். 24-இலிருந்து 5-க்கு இறங்கும்போது அரை ஆம்பியருக்கே 9.5 வாட் சூடு. பெரிய ஹீட் சிங்க் வைத்தாலும் மூடிய பெட்டிக்குள் அது அடுப்புதான்.

கூலம்ப்:

பேனல்காரர் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு, ஒரே சப்ளை என்பதில் மட்டும் இல்லை. கையில் நல்ல 5 வோல்ட் 6.5 ஆம்பியர் சப்ளை இருக்கும்போது அதை ஏன் கழற்ற வேண்டும்? பெட்டிக்குள் 30 செ.மீ. தூரத்தில் இருக்கும் ரிலே போர்டுக்கும் ஈ.எஸ்.பி போர்டுக்கும் அதைவிட நல்லது எதுவும் இல்லை. 24 வோல்ட்டைப் பெட்டிக்கு வெளியே போகிற வால்வுகளுக்கும் பைக்கும் மட்டும் கொடுங்கள். ரயிலில் மாட்டுவதன் வசதியே இதுதான், இன்னொன்றைப் பக்கத்தில் கிளிப் செய்தால் வேலை முடிந்தது.

கணக்கும் ஒத்து வருகிறது. 24 வோல்ட் வால்வு ஒன்று 0.3 ஆம்பியர் என்று வைத்தால் நான்கும் ஒன்றாகத் திறந்தால்கூட 1.2. பைக்கு அரை. மொத்தம் 1.7. 60 வாட் ரயில் சப்ளை 2.5 ஆம்பியர் தரும், அதில் எழுபது சதவீதத்துக்கும் கீழேதான் ஓடும். இந்த இடைவெளி வேண்டும், ஏனென்றால் இந்தச் சப்ளைகளின் முழு வாட் கணக்கு சுற்றியுள்ள காற்று 50 டிகிரிக்குள் இருக்கும்வரைதான், அதற்கு மேல் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்று டேட்டாஷீட்டிலேயே வளைகோடு போட்டிருப்பார்கள். அந்த 50 டிகிரி பெட்டிக்கு வெளியே இருப்பது இல்லை, உள்ளே இருப்பது. ரயில் படுக்கைவாட்டில் இருக்கட்டும், சப்ளைக்கு மேலேயும் கீழேயும் காற்று போக இடம் விடுங்கள். இடம் இல்லையென்று ரயிலைச் செங்குத்தாக அடித்துச் சப்ளையைப் படுக்க வைத்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன், அப்படி வைத்தால் காற்று மேலே ஏறவே வழி இருக்காது.

பக் கன்வெர்ட்டர் வாங்கும்போது சிப் எண்ணைப் பாருங்கள். எம்.பி.1584 போட்ட சின்ன போர்டுகளின் எல்லை 28 வோல்ட். 24-க்கு அது போதும் என்று தோன்றும், ஆனால் பல 24 வோல்ட் ரயில் சப்ளைகளின் திருகை 28 வரை ஏற்ற முடியும், வால்வு உதையும் அதே வயரில்தான் வரும். எல்.எம்.2596 போர்டு 40 வோல்ட் வரை தாங்கும், ஆனால் 3 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் ஹீட் சிங்க் இல்லாமல் தொடர்ந்து 2-க்கு மேல் இழுக்காதீர்கள். திரையோடு உள்ள பை 4-க்கு அது பற்றாது, அதற்கு 5 ஆம்பியர் வகை ஒன்றைத் தேடுங்கள். எதை வாங்கினாலும், பையை மாட்டும் முன் வெறுமனே ஓடவிட்டு 5.1 வோல்ட்டுக்குத் திருகி வைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள். புது போர்டு பெட்டியிலிருந்து வரும்போது 12-இலோ 15-இலோ நிற்கலாம், பையின் 5 வோல்ட் பின்னில் அதைத் தடுக்க எதுவும் கிடையாது.

பேனல்காரர்:

கூலம்ப் சொல்வது சரி, கையில் இருப்பதைக் கழற்ற வேண்டியதில்லை. பின்னால் பேட்டரி பேக்கப் வைக்கும் எண்ணம் இருந்தால்தான் ஒரே 24 வோல்ட் வசதி, அப்படி இல்லையென்றால் இரண்டும் இருக்கட்டும். இரண்டின் மைனஸும் அந்த ஒரே எர்த் டெர்மினலில் வந்து சேரட்டும்.

ஃபியூஸ் பற்றி யாரும் பேசவில்லை. மெயின் பக்கம் சப்ளைக்கு முன்னால் எம்.சி.பி (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) வேண்டும், அது சரி. டிசி பக்கமும் எம்.சி.பி போட்டால் ஷார்ட்டில் விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், இந்த அளவுச் சப்ளையில் அது விழாது. சி வகை 6 ஆம்பியர் எம்.சி.பி சட்டென்று விழ முப்பது ஆம்பியருக்கு மேல் வேண்டும், அந்த 24 வோல்ட் 60 வாட் சப்ளையோ எவ்வளவு ஷார்ட் ஆனாலும் மூன்று, மூன்றரை ஆம்பியரில் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும், இல்லையென்றால் அணைந்து அணைந்து எரியும். வயர் எரியாது என்பது நல்லதுதான். ஆனால் தோட்டத்தில் ஒரு வால்வு வயர் நனைந்து ஷார்ட் ஆனால் மொத்த 24 வோல்ட்டும் படுத்துவிடும், பையும் சேர்ந்து அணைந்துவிடும், எந்த வால்வு என்றும் தெரியாது. அதனால் ரயிலிலேயே மாட்டும் ஃபியூஸ் டெர்மினல் ஐந்து வாங்கி, வால்வுக்கு ஒன்றாக வேகமாக எரியும் 1 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ், பைக்கு 2 ஆம்பியர் போடுங்கள். சப்ளை 10, 20 ஆம்பியர் என்று பெரிதாகிவிட்டால் இது வசதிக்காக இல்லை, கட்டாயம். அவ்வளவு கரண்ட்டில் மெல்லிய வயர் சிவந்து எரியும், சப்ளை அதை லோடு என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

பல இழை வயரின் முனையை ஈயம் வைத்து டெர்மினலில் முறுக்காதீர்கள். ஈயம் மெல்ல நசுங்கி, சில மாதத்தில் ஸ்க்ரூ தளர்ந்து, அங்கே சூடேறும். ஃபெருல் (வயர் முனையில் மாட்டும் சின்ன உலோகக் குழாய்) போட்டு நசுக்குங்கள்.

செடிப்பெட்டி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கூலம்ப் சொன்னபடி 24 வோல்ட் 60 வாட் சப்ளையைப் பக்கத்தில் மாட்டினேன். பை பக்கத்தில் 5 ஆம்பியர் பக் கன்வெர்ட்டர், 5.1-க்குத் திருகி வைத்தது. வீடியோ ஓடும்போது பையில் 5.07 வோல்ட், மின்னல் குறி ஒரு தடவைகூட வரவில்லை. வயரை மாற்றவே இல்லை, அதே வயர்தான். டையோடு போட்ட பிறகு ரீசெட்டும் இல்லை. ஃபியூஸ், ஃபெருல் எல்லாம் போட்டாயிற்று, பழைய வயர் முனைகளில் நான் ஈயம்தான் வைத்திருந்தேன், இரண்டு ஸ்க்ரூ உண்மையிலேயே கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன.

ஒன்று மட்டும் புரியவில்லை. நான்கு வால்வும் திறக்கும்போது ஈர சென்சாரின் எண் 30, 40 என்று குதிக்கிறது, மூடினால் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் இன்னும் மண்ணைத் தொட்டிருக்கக்கூட நேரமில்லை. 5 வோல்ட்டில் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் சிறு ஏற்ற இறக்கம்) அதிகமா? வடிகட்டி ஏதாவது போடட்டுமா?

கூலம்ப்:

ரிப்பிளாக இருந்தால் எண் மேலும் கீழும் ஆடும். உங்களுக்கு ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கிறது, அது ரிப்பிள் இல்லை. சென்சாரின் கறுப்பு வயரை எங்கே சேர்த்திருக்கிறீர்கள்? ரிலே போர்டின் கிரவுண்ட் பின்னிலா?

செடிப்பெட்டி:

ஆமாம். ஈ.எஸ்.பி போர்டில் கிரவுண்ட் பின் மிச்சமில்லை, அதனால் ரிலே போர்டில் சேர்த்தேன். அங்கிருந்து ஒரு ஜம்பர் வயர் ஈ.எஸ்.பி போர்டுக்குப் போகிறது, சப்ளையின் மைனஸ் வருவது ஈ.எஸ்.பி போர்டுக்கு.

கூலம்ப்:

அப்படியென்றால் ரிலே காயில்களின் கரண்ட் முழுவதும் அந்த ஒரு மெல்லிய ஜம்பர் வழியாகத்தான் திரும்புகிறது. 5 வோல்ட் ரிலே ஒன்றுக்கு 70 மில்லியாம்பியர், நான்குக்கு 280. ஜம்பரும் அதன் இரண்டு முனைப் பின்களும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தாலே 28 மில்லிவோல்ட். உங்கள் சென்சார் நிற்கும் தரை, அதாவது அதன் கிரவுண்ட், அவ்வளவு உயர்ந்துவிடுகிறது. ஈ.எஸ்.பி32 அளவில் ஓர் எண் ஏறக்குறைய 0.8 மில்லிவோல்ட், கணக்குப் போட்டால் 35. நீங்கள் பார்ப்பதும் அதுதான்.

சப்ளையின் மைனஸ் டெர்மினலிலிருந்து ரிலே போர்டுக்குத் தனி வயர், ஈ.எஸ்.பி போர்டுக்குத் தனி வயர் கொண்டுபோங்கள். சென்சார்களின் கறுப்பு வயர்களை எல்லாம் ஈ.எஸ்.பி பக்கத்தில் ஒரு சின்ன டெர்மினலில் சேருங்கள், ரிலே போர்டுக்குப் போகும் அந்த ஜம்பரைக் கழற்றிவிடுங்கள்.

செடிப்பெட்டி:

மாற்றிவிட்டேன். நான்கு வால்வும் திறந்தாலும் எண் இரண்டு, மூன்றுக்கு மேல் அசையவில்லை. வடிகட்டி எதுவும் போடவில்லை.